மெஷின்டா

மண்ணூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தட்டிவிட்ட ஒரு மெயிலால், ராத்திரி முழுக்க 12 பேர் உட்கார்ந்து அட்டைப்பெட்டி பிரித்தார்கள். மெயிலில் இருந்தது நாலே நாலு சொல்: ‘கிராக் ஃபவுண்ட் இன் பிராக்கெட்.’ நான் பார்த்தது ஒரே ஒரு பிராக்கெட். அதில் முடியளவுக்கு ஒரு விரிசல். சரக்கை வாங்குகிறவர் கடல் தாண்டி உட்கார்ந்திருந்த ஜெர்மன்காரர். ஒரு பிராக்கெட்டா, அந்தப் பிராக்கெட்டா, அனுப்பக் கட்டி வைத்திருக்கும் அத்தனை பிராக்கெட்டுமா என்று அவருக்குச் சந்தேகம். சந்தேகம் வந்தால் மொத்த லாட்டையும் நிறுத்து என்பது குவாலிட்டிக்காரர்களின் வேதம். நிறுத்திவிட்டார்.

காலையில், கண் சிவந்த 12 பேருக்கு நடுவில் மேனேஜர் என்னைக் கேட்டார்: “ஒரு ‘ஏ’ போட்டிருந்தா என்னய்யா குறைஞ்சு போயிருப்பே?”

குறைந்திருக்க மாட்டேன்தான். ஆனால் பள்ளிக்கூடத்தில் ‘ஏ, ஆன், தி’ எனக்கு வந்து சேர்ந்தது கோடிட்ட இடமாக மட்டுமே. 5 கோடு, 5 மார்க். ஐந்திலும் ‘தி’ என்று எழுதிவைத்தால் 2 மார்க் உறுதி என்பது எங்கள் கடைசி பெஞ்சின் கண்டுபிடிப்பு. சூரியனும் நிலாவும் கங்கையும் சேர்ந்து கேள்வித்தாளில் உதித்த வருஷம் மூன்று.

அந்த ஜெர்மன்காரரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் பாஷையில் சாப்பாட்டு மேசையில் கிடக்கும் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் தனித்தனி ‘தி’. ஸ்பூனுக்கே பால் பார்க்கிறவர் என் பிராக்கெட்டைச் சும்மா விடுவாரா? எங்கள் வட்டாரத்துக்கு முதலில் வந்தவர்கள் அப்படியில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1996-இல் வந்தது, 1998-இல் சான்ட்ரோ வெளியே ஓடியது. கொரிய மொழியில் ‘ஏ’யும் இல்லை, ‘தி’யும் இல்லை. 2010-இல் ஒரகடத்தில் ரெனோவோடு நிஸான் வந்தது; ஜப்பானியத்திலும் கிடையாது. ஹிந்தியிலும் தமிழிலும் கிடையாது. இத்தனை பேரும் ‘தி’ இல்லாத இங்கிலீஷில் ஒருவருக்கொருவர் பேசித்தான் லட்சக்கணக்கில் வண்டி இறங்கியிருக்கிறது. (ரெனோக்காரர்களின் பிரெஞ்சில் இருக்கிறது. கலப்பு மணம், விட்டுவிடுவோம்.)

எனக்குக் கண் திறந்தவர் டாக்குமென்ட் பிரிவு அக்கா. ‘ஏ எஸ்.ஓ.பி.’ என்று நான் எழுதியிருந்ததில் பேனாவை வைத்தார். “எஸ் மெய்யெழுத்துத்தானேக்கா?” என்றேன். “எழுத்தைப் பாக்காதீங்க தம்பி, சத்தத்தைக் கேளுங்க. இங்கிலீஷ் வார்த்தையைத் தமிழ்ல எழுதிப் பாருங்க. உயிரெழுத்துல ஆரம்பிச்சா ஆன். இல்லேன்னா ஏ. அவ்ளோதான்.”

எழுதிப் பார்த்தேன். எஸ்.ஓ.பி., எம்.எல்.ஏ., எஃப்.ஐ.ஆர்.: எல்லாம் உயிர், எல்லாம் ஆன். மணி நேரத்துக்கான இங்கிலீஷ் வார்த்தை ‘ஹெச்’சில் தொடங்குகிறது, தமிழில் எழுதினால் ‘அவர்’. ஆன். யூனிட், யூனிவர்சிட்டி, யூ.பி.எஸ்.: தமிழில் ‘ய’கர வரிசை. ஏ. அடடா! ஓர் ஊர், ஒரு கிராமம் என்று நம் ஆட்கள் எந்தக் காலத்திலிருந்தோ செய்துவரும் அதே வேலைதான். இந்தச் சூத்திரம் வழுக்குகிற இடம் ‘ஒன் வே’. தமிழில் ‘ஒ’ போட்டு எழுதினாலும் அங்கே ‘ஏ’தான். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘வொன்’ என்றுதான் வரும். ஒண்ணையே ‘வொண்ணு’ என்கிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டுமா?

பன்மையில்தான் மறுபடி குப்புற விழுந்தேன். தமிழ் இலக்கணம் இந்த விஷயத்தில் பெரிய மனசு படைத்தது. ‘மாடு வந்தது’ என்றால் ஒன்று, ‘மாடு வந்தன’ என்றால் பல. மாடு பாட்டுக்கு மாடாகவே இருக்கும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று அதற்கு ஒரு கௌரவமான பட்டமும் உண்டு. பத்து மரம், நூறு போல்ட் என்றாலே போதும், தொகை சொன்ன பிறகு ‘கள்’ எதற்கு? இப்படி வளர்ந்தவர்கள் இங்கிலீஷுக்குள் போனதும், இத்தனை நாள் மிச்சம் பிடித்த ‘ஸ்’ஸையெல்லாம் வேண்டாத இடத்தில் வாரி இறைக்கிறோம். எங்கள் நோட்டீஸ் போர்டில் ‘ஸ்டாஃப்ஸ்’, ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ மூன்றும் ஒரே தாளில் தொங்கின. மூன்றுமே ‘ஸ்’ ஒட்டாத சொற்கள். பஸ்ஸிலோ, “ஒரு லேடீஸ் இறங்கணும், நிறுத்துப்பா” என்கிறார் கண்டக்டர். ஒருத்தர் இறங்குகிறார். ‘ரூல்ஸ்கள்’ என்று இரட்டைப் பூட்டுப் போடுகிறவர்களும் உண்டு.

எண்ண முடியாத பொருளுக்குப் பன்மை கிடையாதாம்: தண்ணீர், எண்ணெய், மண். மண்ணை எப்படி எண்ணுவது என்று இலக்கணக்காரர் கேட்கிறார். அவர் மண்ணூர் பக்கம் வந்ததில்லை. இங்கே சதுர அடி சதுர அடியாக எண்ணி, வேலி போட்டு, பிளாட் நம்பரும் எழுதிவிட்டார்கள்.

இனி ஒடிசாப் பையன் கதை. லைனில் சேர்ந்த முதல் வாரம், பிரஸ் ஷாப்பிலிருந்து ஓடி வந்து, 20 வருஷ சர்வீஸ் உள்ள ஆபரேட்டர் அண்ணனிடம் கத்தினான்: “மெஷின்டா பந்த!”

“யாரைப் பாத்து டா போடுற?” என்று அண்ணன் ஸ்பேனரைக் கீழே வைத்தார். பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும், இன்னும் மரியாதையாக, “மெஷின்டா...” என்றான். நான்கு பேர் சேர்ந்து விலக்கினோம்.

டீ நேரத்தில் விசாரித்தால், ‘பந்த’ என்றால் நின்றுவிட்டது; அந்த ‘டா’ வசவே இல்லை. அதுதான் ஒடியாவின் ‘தி’! இங்கிலீஷில் முன்னால் நிற்பது அங்கே பின்னால் வால் மாதிரி ஒட்டிக்கொள்கிறது. இந்தக் கம்பெனியிலேயே ‘தி’யோடு பிறந்தவன் அவன் ஒருவன்தான் என்று நான் வியந்துகொண்டிருக்க, அக்கா என்னைப் பார்த்தார்.

“டீ குடிச்சீங்களா?”

“குடிச்சேன்க்கா.”

“டீயைக் குடிச்சீங்களா?”

மேசையில் ஆடை படிந்து ஆறிக்கிடந்த என் டம்ளரைப் பார்த்தேன். ‘டீ’ என்றால் ஏதோ ஒரு டீ. ‘டீயை’ என்றால் இதோ, இந்த டீ. ஒரே ஒரு ஐகாரம். நம்முடைய ‘தி’யும் வாலில்தான் இத்தனை நாள் சுருண்டு கிடந்திருக்கிறது.

போன வாரம் அந்த அண்ணனே லைனிலிருந்து குரல் கொடுத்தார்: “தம்பி, மெஷின்டா பந்த!” எந்த மெஷின் என்று யாரும் கேட்கவில்லை. நான் சிஸ்டத்தில் உட்கார்ந்து, ‘தி மெஷின் ஹேஸ் ஸ்டாப்ட்’ என்று ‘தி’யெல்லாம் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து அனுப்பினேன். அப்புறம்தான் ஷாப்புக்குள் போய்ப் பார்த்தேன். நின்றிருந்தது இரண்டு மெஷின்.

“ரெண்டு நின்னா எப்படிடா சொல்வீங்க?” என்று பையனைக் கேட்டேன்.

“மெஷின்குடா, சார்.”

அண்ணன் திரும்பிப் பார்த்தார்.