பிரேக்குக்கு ஒரு வெள்ளிக் கவசம்

மோட்டார் சைக்கிளுக்குச் செய்யும் செலவுகளில் வீட்டின் எதிர்ப்பு மிகக் குறைவாக இருப்பது பிரேக்குக்குத்தான். சைலன்சர் மாற்றுகிறேன் என்றால் சண்டை வரும். கூடுதல் விளக்கு என்றால் “இருக்கிற வெளிச்சம் போதாதா?” என்பார்கள். பிரேக் என்று சொல்லிவிட்டால் யாராலும் வாயைத் திறக்க முடியாது. வேண்டாம் என்று தடுத்துவிட்டு, நாளைக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது?

இந்த நுட்பம் தெரிந்தவர்களில் ஒருவர் சென்னைப் பல்சர்காரர். அவருடைய பல்சர் 220-க்குப் பத்து வயது தாண்டிவிட்டது. முன்சக்கர பிரேக்கின் ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி பின்னிய ஹோஸ் போடுவது என்று முடிவெடுத்தார். விசேஷ நாளில் மூலவருக்கு வெள்ளிக் கவசம் சாத்துவதுபோல வண்டியும் பளபளக்கும் என்பது உள்மனத்துக் காரணம். வீட்டில் சொன்ன காரணம் வேறு: “எல்லாம் சேஃப்டிக்குத்தான்.”

சேஃப்டி என்பதில் பொய்யில்லை. கணக்குப் போட்டால் விளங்கும். லீவரை 10 கிலோ விசையில் இழுத்தால், நெம்புகோல் முறையில் அது ஏறத்தாழ ஐந்து மடங்காகி மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளும். அந்தப் பிஸ்டன் அரை அங்குல விட்டம் என்று வைத்துக்கொண்டால், பிரேக் ஆயிலில் சதுர சென்டிமீட்டருக்கு 40 கிலோ அளவுக்கு அழுத்தம் ஏறுகிறது. கார் டயரில் அடைத்திருக்கும் காற்றின் அழுத்தம் சுமார் 2 கிலோதான். அதைப்போல இருபது மடங்கு அழுத்தத்தை ஹேண்டில்பாரிலிருந்து சக்கரத்தருகே டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பர் வரை சுமந்துபோவது சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய்.

ரப்பர் ஹோஸுக்குள்ளும் நூலிழைப் பின்னல் இருக்கிறது. ஆனாலும் வயதாக ஆக ரப்பர் தளர்ந்து, அழுத்தம் ஏறும்போது லேசாக உப்பும். டிஸ்க் பேடைத் தள்ள வேண்டிய லீவர் நகர்வில் ஒரு பங்கு அந்த உப்பலில் கரைந்துவிடும். லீவரும் கொழகொழவென்று இருக்கும். ஸ்டீல் ஹோஸின் உள்ளே இருப்பது டெஃப்லான். டூபாண்ட் நிறுவனத்தில் ராய் பிளங்கெட் 1938-இல் குளிர்பதனப் பெட்டிக்கான வாயுவைத் தேடப் போய், தற்செயலாகக் கண்டெடுத்த பொருள் இது. அதைச் சுற்றி எஃகுக் கம்பிப் பின்னல். பின்னலின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை. உறை இல்லாவிட்டால் கம்பி உரசி உரசிப் பக்கத்து வயரையும் பெயின்டையும் தின்றுவிடும்.

ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைக்காரர் இதில் ஒன்றையும் கேட்கவில்லை. “என்ன கலர் சார்?” என்றார். சிவப்பு, நீலம், கறுப்பு, தங்க நிறம் என்று உறைகள் தொங்கின. பெண் பார்க்கப் போனபோதுகூடப் பல்சர்காரர் இவ்வளவு யோசித்ததாக வரலாறு இல்லை. கடைசியில் நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற உறையை எடுத்தார். உள்ளே இருக்கும் கம்பி சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? சேஃப்டிதான்.

மெக்கானிக் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். பிறகு மாஸ்டர் சிலிண்டர் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். “சார், இந்த ஆயில எப்ப மாத்துனீங்க?”

“மாத்தணுமா?”

“புது ஆயில் ஊத்தி ஏர் எடுத்தாலே பாதிப் பிரச்சினை போயிடும் சார்.”

அவர் சொன்னது முழு உண்மை. டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும் குணமுடையது. புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும் என்பது விதி. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால், 155 டிகிரி இருந்தாலே தேர்ச்சி. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலும் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் பிடித்தபடி இறங்குகிறவர், அந்த வெப்பத்தை எட்ட முயற்சி செய்கிறார் என்றே அர்த்தம். ஆயிலிலுள்ள ஈரம் ஆவியானால் லீவர் கைப்பிடி வரை வந்து முட்டும், வண்டி நிற்காது. அப்போது ஹோஸ் எஃகாக இருந்தாலும் பொன்னாக இருந்தாலும் ஒன்றுதான். ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், ரப்பர் ஹோஸை நான்கு ஆண்டுக்கு ஒருமுறையும் மாற்றும்படி ஜப்பானிய வண்டிக் கையேடுகள் சொல்வதுண்டு. கையேட்டைப் பத்திரமாகப் பீரோவில் வைப்பது நம் வழக்கம்.

வேலை தொடங்கியது. பழைய ஹோஸைக் கழற்றுகையில் சொட்டிய ஆயிலைக் கண்டதும் மெக்கானிக், “டேய், தண்ணி!” என்று கத்தினார். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரிந்துவிடும். பையன் டேங்க்கின் மேல் ஒரு மக் தண்ணீரைக் கவிழ்த்தான். பாதி பல்சர்காரர் மடியில் விழுந்தது. ஹோஸ் முனையின் இருபுறமும் புதுச் செம்பு வாஷர்கள் ஏறின. பழையதைத் திரும்பப் போட்டால் கசியும். ஹேண்டில்பாரை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, ஹோஸ் இழுபடவில்லை, முறுக்கிக்கொள்ளவில்லை என்று பார்த்தார்கள்.

அதன்பிறகு ஏர் எடுக்கும் படலம், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுவது. “அமுக்குங்க சார்… புடிங்க… விடாதீங்க.” காலிப்பரில் உள்ள நிப்பிளைத் திறந்ததும் குமிழிகள் வந்தன. மூடியதும் மறுபடி: “அமுக்குங்க… புடிங்க… விடாதீங்கன்னு சொன்னேன்ல!” நிப்பிள் திறந்திருக்கும்போது லீவரை விட்டால், வெளியே போன காற்று அப்படியே உள்ளே திரும்பிவிடும். அலுவலகத்தில் பத்துப் பேரை அதட்டுகிற மனிதர், கிரீஸ் படிந்த பெஞ்சில் உட்கார்ந்து திட்டு வாங்கிக்கொண்டே அமுக்கினார்.

பலன் கிடைத்தது. லீவர் கெட்டியாகிவிட்டது. “ரெண்டு விரல் போதும், வண்டி அப்படியே நிக்குது” என்று வீட்டம்மாவை வாசலுக்கு அழைத்துக் காட்டினார். அவர் பளபளப்பைப் பார்த்துவிட்டு, குனிந்து முன் டயரையும் பார்த்தார். “இது ஏன் மொட்டையா இருக்கு?”

டயர் அடுத்த மாதப் பட்ஜெட்டில் வருவதாகப் பல்சர்காரர் அறிவித்தார்.

இங்கேதான் இயற்பியல் வீட்டம்மாவின் கட்சியில் சேர்கிறது. ஒழுங்கான நிலையில் இருக்கும் ரப்பர் ஹோஸாலேயே முன்சக்கரத்தைப் பூட்ட முடியும். அதற்குமேல் வண்டியை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலான பிடிப்பு. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் போகும். மாடு குறுக்கே வருவதை மூளை புரிந்துகொண்டு விரலுக்குச் சொல்ல ஒரு நொடி ஆனால், அந்த 17 மீட்டரை எந்த ஹோஸும் மீட்டுத் தராது. ஸ்டீல் ஹோஸ் தருவது விரல்நுனி உணர்வு: எவ்வளவு அமுக்கினோம், சக்கரம் எவ்வளவு பிடித்தது என்ற துல்லியம். பந்தயத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அது பெரிய விஷயம். வேளச்சேரி நெரிசலில் ஊர்கிறவருக்கு மகிழ்ச்சி தரும் விஷயம்.

கேடிஎம் 390 டியூக், ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 போன்றவற்றில் இந்த ஹோஸ் தொழிற்சாலையிலேயே பூட்டி வருகிறது. பாவம், அந்த வண்டிக்காரர்கள் வீட்டில் சொல்ல வேறு காரணம் தேட வேண்டும்.

செலவு செய்யும் வரிசை இதுதான்: முதலில் டயர், அடுத்து ஆயில், பிறகு டிஸ்க் பேட், கடைசியாக ஹோஸ். ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் மட்டும் ஹோஸ் முன்னால் வரும். மாற்றுகிறபோது ஸ்டீலாகவே போட்டுக்கொள்ளலாம். ஏபிஎஸ் உள்ள வண்டியில் குழாய்கள் அதிகம், காற்று ஒளிந்துகொள்ளும் இடங்களும் அதிகம். அந்த வேலையை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ள வேண்டாம். எண் பெரிதாக இருக்கிறதே என்று டாட் 5 வாங்கவும் வேண்டாம். அது சிலிக்கோன் வகை, டாட் 4-உடன் சேராது. எந்த ஆயில் ஊற்ற வேண்டும் என்பது மாஸ்டர் சிலிண்டர் மூடியிலேயே பொறித்திருக்கும். கடைக்குப் போகுமுன் அதைப் படித்துவிட்டுப் போங்கள்.