பேய்க்குக் கால் உண்டா: சிவகிரி வட்டாரக் கொட்டகை ரசிகர் மரபு குறித்து ஓர் ஆய்வு

பேய்ப்படத்தை முதல் தடவை பார்ப்பவர் பார்வையாளர் எனவும், நான்காம் தடவையும் சீட்டு வாங்குபவரே ரசிகர் எனவும் கொள்வது இவ்வாய்வின் அடிப்படை வரையறையாகும். ஏனெனில் முன்னவர் பயப்பட வருகிறார், பின்னவரோ பேய் முறைப்படி நடந்துகொள்கிறதா என்று மேற்பார்வையிட வருகிறார். சிவகிரி, வாசுதேவநல்லூர், புளியங்குடி போன்ற மலையடிவார ஊர்களின் டூரிங் டாக்கீசுகள், அதாவது தற்காலிக உரிமத்தில் கீற்றுக் கூரையும் மணல்தரையுமாக இயங்கிய கொட்டகைகள், இம்மேற்பார்வைக்கு மிகவும் உகந்த களங்களாகும்.

ஆய்வுக்குரிய மூலப்படம், விட்டலாச்சார்யா இயக்கித் தெலுங்கிலிருந்து தமிழுக்கு வந்த ‘ஜகன்மோகினி’ (1978). அதே ஆண்டில் துரை இயக்கத்தில் ரஜினிகாந்தும் லதாவும் நடித்த ‘ஆயிரம் ஜென்மங்கள்’ வெளிவந்ததெனினும், அதில் ஆவி உயிருள்ள பெண்ணின் உடம்பில் குடியேறிவிடுவதால், பேயின் உடலமைப்பு பற்றிய நுட்பமான கேள்விகள் எழ வாய்ப்பில்லை.

‘ஜகன்மோகினி’யிலோ பேய் தன் கால்களையே விறகாக அடுப்பில் நீட்டிச் சமைக்கிறது. பேய்க்குக் கால் கிடையாது என்பது பாட்டிமார் வழியே வந்த, எவரும் மறுக்காத கொள்கை. இல்லாத காலை எரிப்பது எங்ஙனம் என்ற வினாவுக்குத் தரை டிக்கெட் அறிஞர்கள் இரண்டு தீர்வுகளை முன்வைப்பர்: நடமாடும்போதுதான் கால் இராது, சமையலுக்கு வரவழைத்துக்கொள்ளும் என்பது ஒன்று, அது தெலுங்குப் பேய், அங்கே விதி வேறு என்பது மற்றொன்று. பெஞ்சு டிக்கெட்காரர்கள் இரண்டையும் ஏற்காமல், விறகு விலையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமைவர். முதல் தீர்வே வலுவுடையது எனத் தோன்றுகிறது. இரண்டாவதை ஒப்புக்கொண்டால், செங்கோட்டைக்கு மேற்கே உள்ள மலையாளப் பேய்களுக்கும் தனி விதி வகுக்க நேரும்.

இவ்விவாதங்களுக்கு நேரம் ஒதுக்கித் தந்தது எந்திரத்தின் போதாமையே. 1000 அடிப் படச்சுருள் ஏறத்தாழ 11 நிமிடமே ஓடுமாதலாலும், கொட்டகையில் புரொஜெக்டர் ஒன்றே இருந்தமையாலும், சுருள் மாற்றுவதற்காக இடையிடையே விளக்கைப் போட வேண்டியிருந்தது. பேய் வாயைத் திறந்த இடத்தில் படம் நின்றுபோக, முறுக்கும் கலரும் விற்கப்பட்டன. ஆபரேட்டரின் கை தாமதித்த அளவுக்கு ஆராய்ச்சி ஆழம் பெற்றது. விளக்கு அணைந்ததும் மூத்த ரசிகர் பக்கத்துச் சிறுவனிடம், “ஏல, இப்ப கால அடுப்புல வைப்பா பாரு” என்று முன்னறிவிப்பார். இதனால் பயம் குறையும் என்பது பொதுக்கருத்து. சொன்னது சொன்னபடி நடந்துவிடுவதால் அலறல் இரட்டிப்பானது என்பதே உண்மை.

இத்தனை கூர்மையுடைய அவையில், ஊர் எல்லையில் நிற்கும் சுடலைமாடனைப் பற்றியோ இசக்கியைப் பற்றியோ இவ்வாறான ஒரு கேள்விகூட எழாதது வியப்புக்குரியது. இரண்டாம் ஆட்டம் விட்டு அவ்வழியேதான் வீடு திரும்ப வேண்டியிருந்தது என்பது காரணமாகலாம்.

பின்னாளில் ‘சந்திரமுகி’ (2005) வந்தபோது, முன்பு ஆவியோடு போராடிய ரஜினிகாந்தே மனநல மருத்துவராகத் தோன்றி, பேயெனக் கருதப்பட்டது நோய் என்று கூறிவிட்டமையால், இது தம் விசாரணை வரம்புக்குள் வராது என்று மூத்த ரசிகர்கள் ஒதுங்கிக்கொண்டனர். அப்படத்தில் அவ்வப்போது தலைகாட்டி, கதையில் எவ்வேலையும் செய்யாமல் ஊர்ந்துபோன பாம்பு பற்றிய வழக்கு மட்டும் இன்னும் நிலுவையில் உள்ளது.