கிலோவாட்டைப் பார்க்காதே, யூனிட்டைப் பார்!

கே: மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டேன். உச்சிவெயிலிலும் இன்வெர்ட்டர் 2.4-ஐத் தாண்டமாட்டேன் என்கிறது. ஏமாந்துவிட்டேனா? (விருதுநகர் வாசகர்)

ப: இல்லை. அந்த 3 ஆய்வுக்கூடத்தில் வாங்கிய மார்க். சதுர மீட்டருக்கு 1,000 வாட் வெளிச்சம், பேனலின் சூடு 25 டிகிரி என்று வைத்துப் போடுவது. விருதுநகரில் பேனல் 25 டிகிரியில் இருப்பது மார்கழி விடியற்காலையில்தான். அப்போது வெயிலுக்கு எங்கே போவது? கிலோவாட்டை விடுங்கள், யூனிட்டை எண்ணுங்கள். நம் ஊரில் 1 கிலோவாட்டுக்கு நாளுக்குச் சராசரியாக 4 யூனிட். உங்களுக்கு 12 வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். ஐப்பசி மழையில் 5 வந்தாலும் கம்பெனிக்காரரைத் திட்டாதீர்கள்.

கே: அப்படியானால் அக்கினி நட்சத்திரத்தில் கரண்ட் கொட்டுமே? (வேலூர் வாசகி)

ப: பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அல்ல. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தியில் ஏறக்குறைய 0.35 முதல் 0.4 சதவீதம் குறையும். பேனல் 60 டிகிரியைத் தொட்டால் 12 முதல் 14 சதவீதம் போச்சு. வேலூர் வெயிலில் நீங்கள் மட்டும் முழு வேகத்தில் வேலை பார்க்கிறீர்களா என்ன? தளத்தோடு ஒட்டாமல், அடியில் காற்றோட இடம் விட்டுப் பேனலை மாட்டுவது இதற்காகத்தான்.

கே: பகலில் கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே! (தஞ்சாவூர் வாசகர்)

ப: பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்திருப்பீர்கள். லைன் செத்ததும் இன்வெர்ட்டர் தானாகவே அணைந்துவிடும். பழுது பார்க்கக் கம்பத்தில் ஏறியிருப்பவர்மேல் உங்கள் வீட்டு யூனிட் பாயக் கூடாதல்லவா? ஃபேன் ஓடியே ஆகவேண்டும் என்றால் பேட்டரி சேர்த்த ஹைப்ரிட் உண்டு. விலையை மட்டும் உட்கார்ந்துகொண்டு கேளுங்கள்.

கே: பக்கத்து வீட்டுத் தென்னை ஒரே ஒரு பேனலில்தான் நிழல் போடுகிறது. அதற்கா இத்தனை இழப்பு? (பொள்ளாச்சி வாசகர்)

ப: பேனல்களை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒன்று சுணங்கினால் வரிசைக்கே மந்தம். உள்ளேயிருக்கும் டையோடு கொஞ்சம் காப்பாற்றும், முழுக்க அல்ல. பக்கத்து வீட்டில் முதலில் இளநீரைப் புகழ்ந்துவிட்டு, பிறகு மட்டைக்கு வாருங்கள்.

கே: பேனலைத் துடைக்கத்தான் வேண்டுமா? (ராமநாதபுரம் வாசகி)

ப: உங்கள் மாவட்டத்துக் கமுதியில் 648 மெகாவாட் நிலையத்தையே ரோபோ வைத்துத் துடைக்கிறார்கள். உங்களுக்கு ஒரு துணியும் நீளக் கைப்பிடி மாப்பும் போதும். வெயில் ஏறுமுன் துடையுங்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைக் கறை தங்கிவிடும்.