ராஜா தலைக்குத் தனி விலை கிடையாது

ஆனி பிறந்தால் கும்பகோணத்து அடகுக் கடைகளின் திண்ணையில் உட்கார இடம் இருக்காது. மேட்டூர் அணை திறந்து குறுவைக்குத் தண்ணீர் வரும் நேரம், பள்ளிக்கூடமும் திறக்கும் நேரம். விதை நெல்லுக்கும் பிள்ளைகளின் சம்பளத்துக்கும் ஒரே வாரத்தில் பணம் வேண்டும். தையில் நெல் விற்றுத் திருப்பிக்கொள்ளலாம் என்ற தைரியத்தில் சங்கிலியும் தோடும் கடைக்காரரின் இரும்புப் பெட்டிக்குள் போகும். எழுபதுகளில் காவிரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் தங்கம் என்று ஒரு குன்றிமணி கூட இல்லாதவர்களும் மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு அதே திண்ணையில் காத்திருந்தார்கள். அவர்களைத்தான் இப்போது அதிகம் நினைத்துக்கொள்கிறேன். பைக்குள் பேர் வெட்டிய வெண்கலப் பானை இருக்கும், ஈயச் சொம்பு இருக்கும், கல்யாணத்துக்கு மாமனார் போட்ட எச்.எம்.டி. கடிகாரம் இருக்கும், துணியில் முடிந்த வெள்ளி ரூபாய்கள் இருக்கும்.

நாங்கள் போகும் கடைக்காரரை ஊரே சேட்டு என்றுதான் கூப்பிட்டது. அவருடைய தாத்தா காலத்தில் ராஜஸ்தானத்திலிருந்து வந்த குடும்பம்; அவர் பிறந்து வளர்ந்தது எல்லாம் எங்கள் ஊரில், பேசியது எங்கள் தமிழ். வெள்ளை விரித்த மெத்தை, திண்டு, சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான பேரேடு, கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னத் தராசு. தங்கம் வந்தால் உரைகல்லில் ஒரு கோடு இழுத்து, அதன்மேல் ஒரு சொட்டுத் திராவகம் விட்டு, கோடு நிற்கிறதா கரைகிறதா என்று பார்ப்பார். வெண்கலம் வந்தால் விரல் முட்டியால் தட்டி ஓசை கேட்பார். பித்தளை சீக்கிரம் அடங்கிவிடும், நல்ல வெண்கலம் கொஞ்ச நேரம் பாடிக்கொண்டிருக்கும். கடிகாரத்தைக் காதருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஒரு நிமிஷம் திண்ணையில் யாரும் பேசமாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியார் பாடம் நடத்தியபோதும் நான் அவ்வளவு கவனமாக உட்கார்ந்திருந்ததில்லை.

அத்தைக்குத் துணையாகத்தான் நான் போவேன். அவளிடம் மாமியார் கொடுத்த வெள்ளி ரூபாய்கள் இருந்தன. முந்தின நாள் சாயங்காலமே அவற்றைக் கொட்டிச் சீயக்காய் போட்டு, பிறகு திருநீறு போட்டு, தலை பளபளக்கும்வரை தேய்த்துவிடுவாள். அழுக்கு என்று சொல்லி எடையில் கழிக்க இடம் கொடுக்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

“எல்லாம் ராஜா காசு சேட்டு. எங்க மாமியார் கையால குடுத்தது. பார்த்துப் போடுங்க.”

“ராஜா தலைக்குத் தனி விலை கிடையாதும்மா. வெள்ளிக்குத்தான் விலை.”

இப்படித்தான் ஒவ்வொரு தடவையும் ஆரம்பிக்கும். அவர் வருஷத்தைப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரிப்பார். 1939 வரை அடித்த ரூபாயில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, எடை 11.66 கிராம், அதாவது சரியாக ஒரு தோலா. போர்க்காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்ததும் 1940 முதல் பாதி வெள்ளி, பாதி மற்றதெல்லாம் என்றாயிற்று. 1947-இல் வெறும் நிக்கல். அதை அவர் புன்னகையோடு அத்தை பக்கமே தள்ளிவிடுவார். மாலையில் கோப்பதற்காக வளையம் பற்றவைத்த காசுகளுக்குப் பற்றுப் பொடியின் பேரில் ஒரு கழிவு சொல்வார், அத்தை அதில்தான் பிடித்துக்கொள்வாள். பேரத்துக்கு இடம் அங்கேதான் இருந்தது: பொடிக்குக் கழிவு எவ்வளவு, மாதம் முடிந்து இரண்டு நாள் தள்ளித் திருப்பினால் முழு மாத வட்டியா, பாதியா. அத்தை முடிச்சைக் கட்டிக்கொண்டு எழுந்திருப்பாள். “உட்காருங்கம்மா, பையனுக்குப் பீஸ் கட்டணுமில்ல” என்பார் அவர். கொஞ்சம் ஏறும். இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்த தொகையில்தான் வந்து நிற்கும். ஆனால் அந்தப் பேச்சைப் பேசாமல் அங்கே வந்து சேர இரண்டு பேருமே சம்மதிக்கமாட்டார்கள்.

இப்போது அதே காசுகளை நாணயம் சேகரிப்பவர்கள் கையில் பார்க்கிறேன். ராஜா தலைக்கு விலை வந்துவிட்டது. தலைக்கு மட்டுமல்ல, அவர் போர்த்தியிருக்கும் அங்கிக்கும். ஐந்தாம் ஜார்ஜ் பட்டத்துக்கு வந்தபின் 1911-இல் அடித்த ரூபாயில், அங்கியின்மேல் கிடக்கும் மாலையில் ஒரு சின்ன யானை இருக்கிறது. அதன் துதிக்கை குட்டையாக அமைந்து பன்றியைப் போலத் தெரிந்ததால் ஜனங்களிடையே எதிர்ப்புக் கிளம்பியது; அரசாங்கம் காசைத் திரும்பப் பெற்று, 1912-இல் துதிக்கையை நீட்டி மறுபடி அடித்தது. சேகரிப்பவர்கள் அதைப் பன்றி ரூபாய் என்றே சொல்கிறார்கள், வெள்ளி விலையைப் போலப் பல மடங்கு தருகிறார்கள். 1939-ஆம் வருஷத்து ரூபாய் அதைவிட அரிது. அத்தை தேய்த்த தேய்ப்பைப் பார்த்தால் இவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள். காசின்மேல் தானாகப் படிந்த கருமைதான் இவர்களுக்குச் சாட்சி. தேய்த்த காசு பாதி விலைக்கும் போகாது. வளையம் வைத்த காசைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. எங்கள் ஜில்லாவில் மூழ்கிப்போன அடகுகளில் எத்தனை குட்டைத் துதிக்கை யானைகள் உருகிக் கொலுசாகவும் அரைஞாணாகவும் ஆகியிருக்கும் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

கடிகாரத்தின் கதையும் அப்படித்தான். எச்.எம்.டி. பெங்களூரில் 1961-இல் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு கடிகாரம் செய்யத் தொடங்கியது. ஜனதா என்ற சாவி கொடுக்கும் கடிகாரம் இல்லாத மாப்பிள்ளைக் கை எங்கள் தெருவில் கிடையாது. முகப்பில் 17 ஜுவல்ஸ் என்று போட்டிருப்பதைப் படித்துவிட்டு, உள்ளே பதினேழு ரத்தினம் இருக்கிறதே என்று ஒரு பெரியவர் சேட்டிடம் வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன். சேட்டு பின்மூடியைத் திறந்து, சக்கரங்களின் அச்சு தேயாமல் சுழல்வதற்கென்று பதித்த அந்தச் செயற்கைச் சிவப்புக் கற்களைப் பொறுமையாகக் காட்டி, விலை உலோகத்துக்கும் இல்லை, கல்லுக்கும் இல்லை, ஓடுகிற ஓட்டத்துக்குத்தான் என்றார். 2016-இல் அந்தக் கம்பெனியின் கடிகாரப் பிரிவை மூட அரசு முடிவெடுத்தது. அதற்கப்புறம்தான் அதைத் தேடி அலைகிறார்கள். நிற்கிற கடிகாரமானாலும் பரவாயில்லை, முகப்பு மட்டும் மாற்றாத பழைய முகப்பாக இருக்க வேண்டும் என்கிறார்கள்.

சில பொருள்களைச் சேட்டு வாங்கவே மாட்டார். உபயம் என்று பேர் வெட்டிய விளக்கை யார் கொண்டு வந்தாலும் கை கூப்பி அனுப்பிவிடுவார். தஞ்சாவூர்ப் படம் ஒன்று வந்தபோது தங்க ரேக்கைச் சுரண்டவும் முடியாது நிறுக்கவும் முடியாது என்று சொல்லி, தேக்குச் சட்டத்துக்கு மட்டும் ஒரு தொகை சொன்னார். அவர் பக்கத்து நியாயம் எனக்கு இப்போது நன்றாகப் புரிகிறது. 1943-ஆம் வருஷத்து அடகுக் கடைச் சட்டத்தின்படி, கெடுவுக்குள் மீட்காத பொருளைப் பொது ஏலத்தில்தான் விற்க வேண்டும். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் எந்த ஊரிலும் ஆள் உண்டு. பாகவதர் படத்துப் பாட்டுப் புத்தகத்தையோ கிராமபோன் தட்டையோ எங்கள் ஊர் ஏலத்தில் எடுக்க யார் வருவார்? அவற்றுக்கெல்லாம் போக்கிடம் மதராஸ் மூர் மார்க்கெட் ஒன்றுதான். 1985 மே மாதம் அதுவும் தீப்பிடித்து எரிந்தது. இன்று அங்கே புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன.

இப்போது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால் இந்தப் பொருள்களெல்லாம் வாசலில் அடுக்கியிருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த எனாமல் அடுக்குகள், பர்மாத் தேக்கில் செய்த பெட்டிகள், ஜரிகைத் துணி ஒட்டிய ரவி வர்மா படங்கள். கடைக்காரர்கள் எடை கேட்பதில்லை, கதை கேட்கிறார்கள்: யார் வீட்டுப் பொருள், எந்தக் கப்பலில் வந்தது, ஜோடி இருக்கிறதா. வாங்குகிறவர் ஒருவர் வருவதற்கு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்பதால் விற்கும் விலையில் ஒரு பங்குதான் கையில் தருவார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. செல்போனில் ஏல விலையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகளை அவர்கள் ஏமாற்றவும் முடியாது. அத்தைக்கு இந்த வசதி கிடைத்திருந்தால் ஒரு காசை விற்றே ஒரு வருஷச் சம்பளம் கட்டியிருப்பாள். அதை நான் மனதாரச் சொல்கிறேன்.

ஆனால் அவள் ஒருபோதும் விற்றதில்லை. வெள்ளிக்குத்தான் விலை என்று சொன்ன அதே சேட்டு, அவள் கொண்டுபோன காசுகளை அவள் துணியிலேயே முடிந்து, சீட்டு எண்ணைக் கோத்துப் பெட்டியில் வைத்து, தை மாதம் அதே காசுகளை அதே முடிச்சோடு திருப்பித் தருவார். அவள் திண்ணையிலேயே அவிழ்த்து மாமியாரின் காசுகளை ஒவ்வொன்றாக அடையாளம் பார்ப்பாள். விலை குறைவு, வட்டி அதிகம், ஆனாலும் பொருள் வீடு திரும்பியது. இன்று விலை எவ்வளவு உயர்ந்தாலும் போனது போனதுதான். காரைக்குடியில் ஒரு கடைக்காரரிடம், ஆறு மாதத்தில் திருப்பிக்கொள்கிறேன், இந்தப் படத்தின்மேல் பணம் தருவீர்களா என்று கேட்டுப் பார்த்தேன். “அடகுன்னா பேங்குக்குப் போங்க சார்” என்றார். பேங்கில் படத்தின்மேல் கடன் கொடுப்பதில்லை.

உங்கள் வீட்டுப் பெட்டியின் அடியிலும் அப்படி ஒரு துணி முடிச்சு இருக்கலாம். விற்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் விற்றுக்கொள்ளுங்கள். தேய்க்காதீர்கள். வருஷத்தைப் படியுங்கள். 1911 என்றிருந்தால் பூதக்கண்ணாடியை எடுத்து ராஜாவின் அங்கியில் அந்த யானையைத் தேடி, துதிக்கை குட்டையா நீளமா என்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் பேரத்தை ஆரம்பியுங்கள்.