கிழமைக்கு ஒருநாள் சாப்பிடும் கார்

மொட்டைமாடியில் சோலர், கீழே மின்சாரக் கார், இரண்டுக்கும் நடுவில் ஒரு வயர், இனிப் பெற்றோல் செட் பக்கம் தலைவைத்தும் படுக்கத் தேவையில்லை என்று கொழும்பில் யாராவது மார்தட்டினால், அவரிடம் ஒரேயொரு கேள்வி கேட்கலாம்: மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உங்கள் கார் எங்கே நிற்கிறது? கோட்டையில் ஏதோவொரு அலுவலகத்தின் நிலக்கீழ்த் தளத்தில், வெயில் எட்டியும் பார்க்காத மூலையில் நிற்கிறது. சூரியன் வெள்ளவத்தையில் இலை போட்டுப் பரிமாறிக்கொண்டிருக்கிறது. சாப்பிட வேண்டியவரைக் காணோம். அவர் காலி வீதி நெரிசலில் ஊர்ந்து வீடு வந்து சேரும்போது ஆறரை மணி. அதற்குள் சூரியன் கடலுக்குள் இறங்கிவிடும். பகல் வேலைக்காரிக்கும் இரவுக் காவல்காரனுக்கும் கலியாணம் செய்துவைத்த மாதிரியான குடித்தனம் இது. அதற்காக வீட்டுச் சோலரில் கார் ஓட்டவே முடியாது என்று நான் சொல்ல வரவில்லை. முடியும். ஆனால் காருக்குத் தினமும் சோறு போட வேண்டும் என்று நினைக்கிறோமே, அதுதான் பிழை. கிழமைக்கு ஒருநாள் போதும். அந்த நாளுக்குத் தமிழன் முன்கூட்டியே ஞாயிறு என்று பெயரும் வைத்துவிட்டான்.

கணக்கைப் பார்ப்போம். கொழும்பில் ஒரு கிலோவாற் சோலர், நல்ல வெயில் நாளில் சுமார் நாலு யூனிற் தரும். 5 கிலோவாற் போட்டவருக்கு இருபது. ஒரு யூனிற்றில் சின்ன மின்சாரக் கார் ஏறக்குறைய ஆறு கிலோமீற்றர் ஓடும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குப் போய்வர இருபது கிலோமீற்றருக்கு உள்ளேதான். தூரத்தை மணிக்கணக்கில் அளந்து பழகியதால் அது நமக்குக் கண்டிப் பயணம் போலத் தெரிகிறது. ஐந்து நாளைக்கு நூறு, சனிக்கிழமை ரியூசனுக்கும் சந்தைக்கும் இன்னொரு இருபது. மொத்தம் 120 கிலோமீற்றர், இருபது யூனிற், ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில். விசிறியும் குளிர்சாதனப் பெட்டியும் தங்கள் பங்கைக் கேட்கும்தான். துண்டு விழுவதை மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரும் போயா விடுமுறையில் ஈடுகட்டலாம். 24 யூனிற் பற்றரியோடு வந்த பழைய நிசான் லீஃபும், பற்றரி கிழடுதட்டாமல் இருந்தால், இந்த ஒருவேளைச் சாப்பாட்டில் கிழமையை ஓட்டிவிடும்.

எப்படிச் சார்ஜ் செய்வது என்பதில்தான் நம்மவர் அவசரம் வெளிப்படுகிறது. சுவரில் மாட்டுகிற 7 கிலோவாற் சார்ஜர்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பார்கள். சாதாரண வீட்டு இணைப்பு பெரும்பாலும் 30 அம்பியர். இந்தச் சார்ஜர் தனியாகவே அவ்வளவையும் கேட்கும். அது ஓடும்போது யாராவது கேத்தலைப் போட்டால் மெயின் ட்ரிப் விழும், காரும் இல்லை, தேத்தண்ணியும் இல்லை. அதைவிட, 5 கிலோவாற் சோலர் உச்சிவெயிலிலும் நாலுக்கு மேல் தருவது அபூர்வம். மிச்சம் மூன்று கிலோவாற் மின்சார சபையின் கம்பியால் வரும். காரோடு கிடைக்கும் மெதுவான வயர் பத்து அம்பியர்தான் இழுக்கும், அதாவது 2.3 கிலோவாற். காலை எட்டரைக்குக் கொழுவி, பின்நேரம் மூன்றரைக்குக் கழற்றினால் பதினாறு யூனிற். பெரும்பாலும் சொந்தக் கூரையில் விளைந்தது. ஒன்று மட்டும்: ஏழு மணி நேரம் இழுக்கப்போகும் வயரை இஸ்திரிக்கைப் பெட்டிக்குப் போட்ட பழைய பிளக்கில் கொழுவாதீர்கள். அதற்கென்று தனி வயர் இழுங்கள்.

விஷயம் தெரிந்தவர்கள் உடனே மறிப்பார்கள். நெட் மீற்றரிங் இருக்கிறதே, பகலில் சபைக்குக் கொடுத்த யூனிற்றை இரவில் திருப்பி எடுத்தால் சரிதானே என்பார்கள். பில்லைப் பொறுத்தவரை சரி. ஆனால் பகலில் மின்சார சபைக்குக் கொடுத்த கரண்ட் அங்கே ஒரு பானைக்குள் மூடி வைக்கப்பட்டிருக்கவில்லை. இரவு காருக்குள் ஏறுவது நுரைச்சோலை நிலக்கரியும் நீர்த்தேக்கத்துத் தண்ணீரும், போதாவிட்டால் எண்ணெயும். இரண்டு யூனிற்றும் ஒன்றல்ல என்பதை அரசாங்கமே விலைப்பட்டியலில் ஒப்புக்கொண்டிருக்கிறது: 2025இல் அறிவித்த புதிய கட்டணப்படி, 5 கிலோவாற் வரையான கூரைச் சோலருக்கு யூனிற்றுக்கு 20 ரூபா 90 சதம், அதையே பற்றரியில் சேர்த்துவைத்து மாலை உச்ச நேரத்தில் கொடுத்தால் 45 ரூபா 80 சதம். சோலர் போட்டால் மின்வெட்டிலும் தப்பலாம் என்று எண்ணியவர்களுக்கு 2022ஆம் ஆண்டே பாடம் கிடைத்தது. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணி நேரம் வரை கரண்ட் இல்லை. உச்சிவெயில் கூரையில் கொளுத்த, பற்றரி இல்லாத வீடுகளில் இன்வேட்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தது. கம்பியில் வேலை செய்பவருக்கு ஷொக் அடிக்கக்கூடாது என்பதற்காக, வெளியே கரண்ட் நின்றால் தானும் நிற்கும்படிதான் அதைச் செய்திருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமையைத்தான் பிடிக்க வேண்டும் என்பதற்கு என்னிடம் இன்னொரு சாட்சி உண்டு: ஒரு குரங்கு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி முற்பகல், நாடு முழுவதும் கரண்ட் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதே காரணம் என்றார் அமைச்சர். சூரியனைப் பழமென்று நினைத்துப் பாய்ந்த குரங்கின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது பெரிய அதிசயமில்லை. ஆனால் ஒரு குரங்கு எப்படி ஒரு நாட்டையே அணைத்தது என்பதற்கு மின்சார சபை பின்னர் தந்த விளக்கம்தான் முக்கியம். அன்று ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்களும் தொழிற்சாலைகளும் பூட்டு, கரண்டுக்கு ஆளில்லை; கூரைகளிலோ சோலர் கொட்டுகிறது. அந்த நேரத்தில், கனத்த சக்கரங்களாகச் சுழன்று அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் பெரிய மின்பிறப்பாக்கிகள் குறைவாகவே ஓடின. ஒரு தட்டுப் பட்டதும் எல்லாம் சரிந்தது. அதே பயத்தில்தான் அந்த ஆண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், ஏப்ரல் 13 முதல் 21 வரை, பின்நேரம் மூன்று மணி வரைக்கும் கூரைச் சோலரை நிறுத்திவைக்கும்படி சபை கேட்டுக்கொண்டது. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசையில் நின்று அப்போது மூன்று வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. அதற்குள், இலவசமாக வருகிற சூரியனை நிப்பாட்டுங்கள் என்று கேட்கும் வசதியான நாடாகிவிட்டோம். அன்றைக்கெல்லாம் வீட்டில் சும்மா நின்றது எது? கார்.

கூரை யாரிடம் இருக்கிறது என்று கேட்பவரிடம்தான் கொஞ்சம் பணிந்துபோக வேண்டும். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தொடர்மாடி எழாத வளவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொடர்மாடியில் கீழே கார் நிறுத்த இடம் உண்டு, மேலே கூரை எல்லாருக்கும் பொது. எல்லாருக்கும் பொது என்றால் என்ன நடக்கும் என்பது நிர்வாகக் குழுக் கூட்டத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். லிப்ற் திருத்துவதற்கே மூன்று கூட்டம் தேவைப்படும் இடத்தில், நீர்த்தாங்கிக்கும் துணி காயும் கொடிக்கும் நடுவில் யார் வீட்டுத் தகடு என்று தீர்மானிக்க ஒரு தலைமுறை வேண்டும். கொட்டாஞ்சேனைக்குப் போனால் கதை தலைகீழ். ஜம்பட்டா வீதிப் பக்கத்துப் பழைய வீடுகளுக்குச் சொந்தக் கூரை உண்டு, கார் நிறுத்த ஒரு முழ இடமில்லை. ஒன்றுக்குக் கூரை, மற்றதுக்குக் கராஜ். ஆனால் இரண்டையும் இணைக்கும் கம்பி எப்போதோ இழுத்தாயிற்று, அதற்குப் பெயர்தான் மின்சார சபை. கொட்டாஞ்சேனைக் கூரையில் ஞாயிறு மத்தியானம் மிஞ்சுவதை அதே நிமிடத்தில் வெள்ளவத்தைக் கார் சாப்பிட்டால், எங்கும் சேமித்துவைக்கத் தேவையில்லை. இரவில் திருப்பி எடுப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நிற்கிற காரா, கலியாண வீடு, கோயில், செத்தவீடு என்று திரிகிற காரா என்றும் கேட்கலாம். பாதி நியாயம். ஒரு ஞாயிறு தவறினால் 40 யூனிற் பற்றரி அடுத்த ஞாயிறு வரைக்கும் பட்டினி தாங்கும். மழைக்கும் அதே பதில். யாழ்ப்பாணம் போக வேண்டுமென்றால், 400 கிலோமீற்றர், இந்தக் கட்டுரையை நம்பி வெளிக்கிட வேண்டாம்.

மிஞ்சியிருப்பது கட்டணம். சபையின் நேரக்கணக்குக் கட்டணத்தில் மலிவான நேரம் இரவு 10.30 முதல் காலை 5.30 வரை. கூரைகளில் சோலர் நிறையாத காலத்து யோசனை அது. இன்றைக்கும் கார்க்காரரை நடுச்சாமத்தில் எழுப்பி, நிலக்கரியை மலிவாக ஊட்டுகிறது. ஐயாமாரே, சோலரை நிறுத்து என்று குறுந்தகவல் அனுப்புவதற்குப் பதிலாக, ஞாயிறும் போயாவும் காலை ஒன்பது முதல் மூன்று வரை கார் சார்ஜ் செய்கிறவர்களுக்கு இரவைவிட மலிவாக ஒரு விலை போட்டுப் பாருங்கள்.