ஸ்கிரீன்ஷாட் ஆராய்ச்சி

மைசூருவில் செயலி வடிவமைக்கும் தம்பிகளுக்கு 'ஆராய்ச்சி' என்றால், ஸ்விக்கியையும் போன்பேயையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சுவரில் ஒட்டுவது. அங்கே பட்டன் கீழே இருந்தால் இங்கேயும் கீழே. ஏன் என்றால், "அவங்க வச்சிருக்காங்களே சார்!"

ஊர் வழக்கம்தான். இங்குள்ள லலித மகால் மாளிகையே லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைப் பார்த்து எழும்பியது. 1912-ல் முடிந்த மைசூரு அரண்மனையில் கட்டடக் கலைஞர் ஹென்றி இர்வின் ராஜபுத்திரம், இஸ்லாமியம், கோதிக் எல்லாவற்றையும் கலந்தார். காப்பி என்று மகாராஜாவிடம் யார் சொல்வது?

ஆனால் இர்வினுக்கு இன்னொரு பாடமும் இருந்தது: 1897-ல் எரிந்துபோன பழைய மர அரண்மனை. புதியது கல்லால் எழுந்தது. கல்யாண மண்டபத்துக்கு கிளாஸ்கோவிலிருந்து வார்ப்பிரும்புத் தூண்கள் வந்தன.

தம்பிகளே, எரிந்ததிலும் பாடம் உண்டு: எரிச்சலில் ஒரு செயலியை அழிப்பதற்கு முன் அதையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.