இறந்த காலமும் முப்பதுக்கு நாற்பது சைட்டும்: ஓர் ஆய்வு

காலப்பயணம் என்பது யாதோ எனின், நடந்து முடிந்ததை நடக்காமல் செய்யப் போய் மாட்டிக்கொள்ளுதல். அதைப் பற்றிய நாவலைப் பெங்களூர்த் தமிழர் படித்து இன்புறுவது எதனால் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்கு எடுத்த நூல், ஸ்டீபன் கிங் 2011-இல் வெளியிட்ட ‘11/22/63’. சர்ச் தெருவில் பழைய புத்தகமாக வாங்கியது. எண்ணூறு பக்கத்துக்கு மேல் போகும். ஆய்வுக்களம், ஹெப்பாளுக்கும் சில்க் போர்டுக்கும் இடையே ஓடும் 500டி பேருந்து. நூலின் பருமனுக்கு அந்தத் தடம்தான் தோது.

அமெரிக்க வாத்தியார் ஒருவர் சாப்பாட்டுக் கடையின் சரக்கறை வழியாக 1958 செப்டம்பர் 9-க்குள் இறங்குகிறார். அங்கே எத்தனை வருஷம் தங்கினாலும் இங்கே கழிவது இரண்டே நிமிஷம். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் கென்னடி சுடப்படுவதைத் தடுக்க வேண்டும். ஆனால் மாற்ற வருகிறவன் காலை வாரிவிடுவது இறந்த காலத்தின் குணம். கார் படுத்துக்கொள்ளும், வயிறு கலக்கும். இதைப் படித்து வெளியூர்க்காரர்கள் வியக்கலாம். அவுட்டர் ரிங் ரோட்டில் எங்களுக்கு நிகழ்காலமே அப்படித்தான். (தடுத்தாரா என்பதை இங்கே சொல்வதாக இல்லை. எண்ணூறு பக்கம் நான் மட்டும் படிப்பானேன்?)

காலத்தைப் புரட்டுவது மேல்நாட்டுச் சரக்கு என்பாரும் உளர். அவர் நன்னூல் அறியாதவர் என்க. விரைவு, மிகுதி, தெளிவு முதலிய காரணங்களால் ஒரு காலத்தை இன்னொரு காலமாகச் சொல்லலாம் என்று பவணந்தியார் அன்றே அனுமதி கொடுத்துவிட்டார். சாப்பிட்டுக்கொண்டிருப்பவனை வாசலில் ஆள் நின்று கூப்பிட்டால், எழுந்திருக்காமலே ‘வந்துட்டேன்’ என்பான். எதிர்காலம் இறந்த காலமாயிற்று. பவணந்தியாரை நன்னூல் எழுதச் சொன்னவன் சீயகங்கன் என்ற கங்க அரசன். கங்கர்களின் பழைய தலைநகரோ நம் கோலார். ஆகவே, மாரத்தஹள்ளியில் அசையாத பேருந்தில் உட்கார்ந்துகொண்டு ‘சில்க் போர்டு வந்துட்டேன்’ என்று போனில் சொல்வது பொய்யன்று, காலவழுவமைதி. ஏறக்குறைய உள்ளூர் உற்பத்தி.

இனி முடிபு. ‘பழைய காலத்துக்குப் போக வழி கிடைத்தால் எதை மாற்றுவீர்கள்?’ என்று மூவரைக் கேட்டேன். கென்னடியை ஒருவரும் நினைக்கவில்லை. கீழ்வீட்டு மாமி, கோரமங்களாவில் ஒரு மனை என்றார். பூக்காரம்மா, ஒயிட்ஃபீல்டு என்றார். ஐ.டி.ஐ. பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியப்பாவுக்குக் குரலே கம்மிவிட்டது.

“எழுபதுகள்ல இந்திராநகர் சைட்டுக்கு அப்ளிகேஷன் போடுன்னு தலையால அடிச்சுக்கிட்டாங்கடா. நரி ஊளையிடற எடம்னு விட்டுட்டேன்.”

கதையைச் சொன்னேன். கென்னடி, அவரைச் சுட்ட ஆஸ்வால்ட், துப்பாக்கி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“அஞ்சு வருஷம் அங்கயே இருந்திருக்கான். ஒரு முப்பதுக்கு நாற்பது வாங்கிப் போடத் தோணலையா?”

“பந்தயம் கட்டிச் சம்பாதிச்சான் பெரியப்பா. எவன் ஜெயிப்பான்னு முன்னாடியே தெரியுமே.”

“இருக்கட்டும். மண்ணு மாதிரி வருமா? வாத்தியார் புத்தி!”

ஆக, வரலாற்றை மாற்றும் நாவலை இவ்வூரார் நிலப்பத்திரம் படிப்பதுபோல் படிக்கிறார்கள் என்பது துணிபு. அற்றேல், இவ்வூரில் வேறு வரலாறே இல்லையோ எனின், உண்டு. 1896-இல் இங்கே வந்த சர்ச்சில் என்ற இளம் ராணுவ அதிகாரி, நண்பர்கள் இருவரோடு பங்களா எடுத்துத் தங்கினார், ரோஜாத் தோட்டம் போட்டார், மத்தியான வெயிலில் கிப்பனின் ரோம வரலாற்றைப் படித்தார். போகும்போது கிளப்பில் 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டுப் போனார். 1899-ஆம் வருஷத்து வாராக்கடன் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. பிற்பாடு அவரே, அமெரிக்க உள்நாட்டுப் போரில் கெட்டிஸ்பர்க் சண்டை வேறு மாதிரி முடிந்திருந்தால் என்று ஒரு கற்பனைக் கட்டுரை எழுதினார். 1931-இல் ஒரு தொகுப்பில் அது வந்தது. கடன் பாக்கி உள்ளவர்களுக்கே இந்த வகை எழுத்து நன்றாக வரும் போலும்.

எனவே சிக்கனமான பரிசோதனை ஒன்றை முன்வைத்தேன். 13 ரூபாயோடு 1899-க்குப் போய் அந்தக் கணக்கைத் தீர்த்துவிட்டால் உலகம் என்னவாகும்?

பெரியப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“பாக்கிய எதுக்குடா கட்டற? அதே பணத்துக்கு அப்ப கன்டோன்மென்ட் பக்கம் எவ்வளவு எடம் வரும்னு பாரு. அந்த ஆளு பேர்லயே ஒரு சைட்ட எழுதி வெச்சிருந்தா, பேசாம ரோஜா வளத்துக்கிட்டு இங்கயே செட்டில் ஆயிருப்பான்.”